ஒரு டிரில்லியன் கணக்கில் சேரியின் பங்கு எங்கே?

2030க்குள் தமிழ்நாட்டை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக ஆக்கிக் காட்டுவோம் என்பது மாநில அரசு அறிவித்த இலக்கு. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் 26.9 லட்சம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். 2024-25இல் மாநிலத்தின் வளர்ச்சி 11.19 விழுக்காடு என்று கொண்டாடினார்கள்.

இந்த எண்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த 26.9 லட்சம் வேலையில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எத்தனை?

எந்தப் பத்திரிகைச் செய்தியிலும் இதற்குப் பதில் கிடைக்காது. தனியார் ஆலைக்குள் சாதிவாரியாக யாருக்கு என்ன வேலை கிடைத்தது என்று எண்ணச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. முதலீட்டைக் கடைசிக் கோடி வரை எண்ணுகிற அரசு இதை மட்டும் எண்ணாமல் விடுகிறது. ஓர் அரசின் முன்னுரிமை எது என்று மேடைப்பேச்சில் தேடிப் பயனில்லை. எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் தாண்டிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. அரசு வேலையில் அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1 என மொத்தம் 19 விழுக்காடு இடஒதுக்கீடு. மாநாட்டில் சொன்ன நேரடி வேலைகள் சுமார் 14.5 லட்சம். 19 விழுக்காடு என்றால் சுமார் 2.75 லட்சம் வேலை. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் பங்கு. அதைக் கொடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை. பேசாமலே இருந்துவிட்டால் கேள்வியே எழாது என்று நினைக்கிறார்கள்.

எந்த வாசல் வழியாக வெளியே வந்தோம்?

நம் வீடுகளில் முதல் பட்டதாரி எப்படி வந்தார் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ நகராட்சியில், ரயில்வேயில், மின்வாரியத்தில், பள்ளிக்கூடத்தில் கடைநிலை ஊழியராக இருந்திருப்பார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்ததால் பிள்ளையைப் பண்ணை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. சில குடும்பங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலம் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு ஊர்க்காரர் முன்னால் கைகட்டாமல் நிற்க முடிந்தது.

சேரியிலிருந்து வெளியே வர நமக்கு இருந்த பெரிய வாசல்கள் இவை இரண்டும்தான்: அரசு வேலை, நிலம். "சீர்திருத்தம்" என்ற பெயரில் முதல் வாசலையும் "வளர்ச்சி" என்ற பெயரில் இரண்டாவது வாசலையும் மூடிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இதைத்தான்.

சீர்திருத்தம் யாருடைய வேலையில் தொடங்குகிறது?

2022 அக்டோபரில் அரசாணை 115 வந்தது. மனிதவள சீர்திருத்தக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். கடைநிலைப் பணிகளை அவுட்சோர்சிங்குக்கு விடுவதைப் பற்றியும் அந்தக் குழு ஆராயும் என்று இருந்தது. ஊழியர் சங்கங்கள் கொதித்தெழுந்ததும் அந்த ஆய்வு வரம்புகளைத் திரும்பப் பெற்றார்கள். அதே மாதம் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்துத் தூய்மைப் பணி உள்ளிட்ட வேலைகளை வெளி நிறுவனங்களுக்கு விட வழி திறந்தது.

இது நிர்வாகச் செலவைக் குறைக்கும் நடவடிக்கை என்பார்கள். எந்த நாற்காலியின் செலவைக் குறைக்கிறார்கள்? செயலாளர் நாற்காலியைக் குறைக்கவில்லை. நம் மக்கள் அதிகமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலி எதுவோ, அதை எடுக்கிறார்கள். பணியிடம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போன நிமிடத்தில் 69 விழுக்காட்டுச் சட்டம் அங்கே செல்லாது. இடஒதுக்கீட்டை ரத்து செய்கிறோம் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டால் மாநிலமே தீப்பிடிக்கும். அரசாணை போட்டுப் பணியிடத்தை ஒழித்தால் சத்தம் வராது. முடிவில் நமக்கு நடப்பது ஒன்றுதான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். பல ஆண்டுகளாக மாநகராட்சியின் கீழ் வேலை செய்தவர்கள். கொரோனா காலத்தில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது தெருவில் நின்றவர்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். தனியாரிடம் போனால் சம்பளம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்றார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது இவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள்தான் இப்போது ஆட்சியில் இருந்தார்கள். 13 நாள் போராட்டத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 13ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது.

அடுத்த நாளே அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. இலவசக் காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, சுயதொழில் செய்ய மானியக் கடன் என்று பட்டியல் நீண்டது. எதையும் நாங்கள் கொச்சைப்படுத்தவில்லை. விடியற்காலை 5 மணிக்குத் தெருவில் நிற்கும் அக்காவுக்குச் சூடான இட்லி வேண்டும்தான். ஆனால் அந்த அக்கா கேட்டது இட்லி இல்லை. வேலையைக் கேட்டார். உரிமை கேட்டவருக்குச் சலுகை கொடுத்து அனுப்புவது பழைய பண்ணையார் பழக்கம். கூலி கேட்டால் தீபாவளிக்குப் புடவை கொடுப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனியார்மயம் ஆன பிறகும் குப்பை அள்ளும் வேலை வேறு சாதிக்குப் போகவில்லை. அதே அக்காதான் குறைந்த கூலிக்கு அதே குப்பையை அள்ளுகிறார். மேலாளர் நாற்காலிக்கு இடஒதுக்கீடு கிடையாது, திறமை போதும் என்பார்கள். துடைப்பத்துக்கு மட்டும் எழுதப்படாத இடஒதுக்கீடு தொடர்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் செத்தால் ஒப்பந்தக்காரர் உள்ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவர் மேஸ்திரியைக் காட்டுவார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஒப்பந்த முறையில் முதலாளி யார் என்று கண்டுபிடிப்பதற்குள் குடும்பம் அடகுக்கடை வாசலில் நிற்கிறது.

2023 ஏப்ரல் 21ஐயும் மறக்க முடியாது. ஆலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பு வகித்த காலத்தில் உறுதிப்பட்ட வேலைநேர உரிமை அது. அவர் சிலைக்கு மாலை போடும் கைகள்தான் அந்த மசோதாவுக்கு ஆதரவாக உயர்ந்தன.

அதே செங்கல்பட்டு, அதே நிலம்

அடுத்தது நிலம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் இவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கும் திட்டம் வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்கிறோம். முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும். மற்றவர் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் அப்படிக் கொடுத்தது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. 1994இல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் மீது போலீஸ் நடவடிக்கை பாய்ந்தது. அதைக் கண்டித்து செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடத்தி ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் கொன்றார்கள்.

இப்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், பழைய மகாபலிபுரம் சாலை. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் வளர்ச்சிப் பாதை முழுவதும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். நிலம் இல்லாமல் அடிமையாகக் கிடக்கிறார்கள் என்று 130 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய அதே ஊர்களில்தான் இன்று ஏக்கர் கோடிக்குப் போகிறது. அந்த விலையில் நம் பங்கு எவ்வளவு?

பரந்தூர் விமான நிலையத்துக்காக 13 கிராமங்களில் நிலம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடுகிறார்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா விவசாயிகள் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டமே பாய்ந்தது. இந்த ஊர்களில் பட்டா வைத்திருப்பவருக்காவது இழப்பீடு என்று ஒன்று உண்டு. அவர் நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு? ஏரியில் மீன் பிடித்தவருக்கு? புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கு? 2013 மத்தியச் சட்டம் வாழ்வாதாரம் இழப்பவரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுக்கிறது, சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. தமிழ்நாடோ 1997இல் கொண்டுவந்த தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தை 2019இல் உயிர்ப்பித்து வைத்துக்கொண்டது. அது அ.தி.மு.க. ஆட்சியில். 2023இல், 12 மணிநேர மசோதா நிறைவேறிய அதே நாளில், நீர்நிலைகள் உள்ளடங்கிய இடங்களையும் பெருந்திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். இது தி.மு.க. ஆட்சியில். கட்சி மாறினாலும் நிலத்தைப் பொறுத்தவரை கொள்கை மாறவில்லை.

2019இல் உயிர்ப்பித்த சட்டங்கள் மூன்று. தொழிலுக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று. மூன்றாவது, ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978 சட்டம். ஆலைக்கு ஆயிரம் ஏக்கர் எடுக்கத் தனி வருவாய் அலுவலர்களை நியமித்து ராத்திரி பகலாக வேலை நடக்கிறது. மூன்று சென்ட் வீட்டுமனைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதிக்கொண்டு நம் மக்கள் திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். எது முன்னுரிமை என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வளர்ந்தால் எல்லோருக்கும் வருமா?

"முதலில் வளரட்டும், பிறகு பங்கு தானாக வரும்" என்று நம் நண்பர்களே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இது புது வாதம் இல்லை. 1960களில் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். உரம் வந்தது, விளைச்சலைப் பெருக்கும் வழிகள் வந்தன. அப்போது சேரிக்கு என்ன வந்தது? கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமாக மிதந்தார்கள். விளைச்சல் கூடினால் கூலியும் கூடும் என்று யாரும் நமக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. கேட்டோம், செத்தோம், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கிடைத்தது.

"படித்து நல்ல வேலைக்குப் போனால் சாதி போய்விடும்" என்பது அதே வாதத்தின் நகரத்து வடிவம். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட இளைஞர் ஐ.டி. துறையில் நல்ல வேலையில் இருந்தவர். சம்பளம் ஏறியது. அரிவாளுக்கு அது தெரியவில்லை.

பெயரை மாற்றினால் போதுமா?

2025இல் அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். விடுதிகளுக்குச் "சமூகநீதி விடுதி" என்று பெயர் சூட்டினார்கள். இழிவான சொல் போவது நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் பலகை மாறிய விடுதிக்குள் போய்ப் பாருங்கள். 2023இல் உயர்த்திய பிறகும் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. இந்தக் காசில் சமூகநீதியை எப்படிப் பரிமாறுவது?

பணமே இல்லையா? இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நமக்கென்று ஒதுக்க வேண்டிய சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இலேயே தொடங்கியது. அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று இயக்கங்கள் தொண்டை வறளக் கத்தின. ஆந்திராவும் கர்நாடகமும் 2013இல் சட்டம் போட்டன. சமூகநீதியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டுக்கு 2024 வரை ஆனது. சட்டம் வந்ததை நம் வெற்றி என்றே சொல்வோம். ஆனால் சட்டம் மட்டும் காப்பாற்றாது என்பதற்குக் கர்நாடகமே சாட்சி. 2023-24இல் அந்த நிதியிலிருந்து சுமார் 11,000 கோடி ரூபாயைப் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பினார்கள். தமிழ்நாட்டிலும் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்தப் பணத்தில் கணக்கெழுதியதாக 2023இல் குற்றச்சாட்டு எழுந்தது. எல்லோருக்கும் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை நமக்கும் கொடுத்துவிட்டு, அதை நம் சிறப்பு நிதியில் பற்று எழுதினால், பக்கத்துத் தெருக்காரருக்கு அரசு கொடுக்கிறது. நமக்கு நம் பணத்தையே கொடுக்கிறது என்றுதான் பொருள்.

"வடமாநிலங்களைப் பாருங்கள்" என்பவர்களுக்கு

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும்: "உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள், இங்கே எவ்வளவோ மேல். நீங்கள் பேசுவது பா.ஜ.க.வுக்குத்தான் உதவும்."

இங்கே ரேஷன் கடை இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, 69 விழுக்காடு இருக்கிறது. நாங்கள் படித்ததே அவற்றால்தான். அதைக் கொண்டுவந்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா காலத்திலிருந்து நாம் கொடுத்த உழைப்பு அது. பக்கத்து வீடு எரிகிறது என்பதற்காக நம் வீட்டு ஒழுகலைப் பற்றிப் பேசக் கூடாதா? சமூகநீதி பேசாத கட்சியிடம் கேட்டு என்ன பயன்? பேசுகிற கட்சியிடம்தானே கேட்க முடியும். கேட்பவன் வாயை அடைக்க அடுத்தவனைக் காட்டுவது அரசியல் நேர்மை இல்லை.

நாங்கள் கேட்பது

வளர்ச்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆலை வரட்டும். ஆனால் முன்னுரிமையின் வரிசை மாற வேண்டும்.

ஒன்று: முதலீட்டு மானியம், முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மலிவு விலை நிலம் என்று பொதுப்பணத்தில் சலுகை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர்களின் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பங்கை நிறைவேற்றுவது சலுகையின் நிபந்தனையாக வேண்டும். 2006இல் சலுகைகளோடு ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014இல் பூட்டிவிட்டுப் போனது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். நிபந்தனை போடாமல் கொடுத்த சலுகையால் என்ன கிடைக்கும் என்று அப்போதே பார்த்துவிட்டோம்.

இரண்டு: தொடர்ச்சியாகத் தேவைப்படும் தூய்மைப் பணியில் ஒப்பந்த முறையே கூடாது. அரசாணை 152ஐ ரத்து செய்து, இருப்பவர்களை நிரந்தரப்படுத்த வேண்டும். அதுவரை அவுட்சோர்சிங் பணிகள் அனைத்திலும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்க வேண்டும்.

மூன்று: அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தப் பணிகளிலும் பங்கு. கர்நாடகத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் ஒரு வரம்பு வரை எஸ்.சி., எஸ்.டி. ஒப்பந்தக்காரர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் கொள்முதல் கொள்கையில் 4 விழுக்காடு எஸ்.சி., எஸ்.டி. சிறு நிறுவனங்களுக்கு என்று இருக்கிறது. இங்கே அண்ணல் அம்பேத்கர் பெயரில் 35 விழுக்காடு மானியத்தோடு தொழில் முன்னோடிகள் திட்டம் நடக்கிறது, நல்ல திட்டம். கடன் வாங்கித் தொழில் தொடங்கியவரிடம் சரக்கு வாங்குவது யார்? அரசே வாங்க வேண்டும்.

நான்கு: எந்தத் தொழில்பேட்டைக்கும் நிலம் எடுக்கும் முன்பு அந்த வட்டத்தின் பஞ்சமி நிலப் பட்டியலை வெளியிட வேண்டும். மீட்ட நிலத்தை நம் மக்களிடம் ஒப்படைக்க வேண்டும். நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஐந்து: 2024 சட்டத்தின்படி துறைவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தச் சேரியில் என்ன வேலை நடந்தது என்று ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களே, கோரிக்கையை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. உங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். டி.சி. நிபந்தனை உள்ள சர்வே எண்களைக் குறித்து, இன்று அதில் யார் கட்டடம் நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் நகராட்சியில் 2022க்குப் பிறகு எத்தனை நிரந்தரப் பணியிடம் ஒழிந்தது, எத்தனை ஒப்பந்தத்துக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய்தான் செலவு. கிராம சபையில் உட்கூறு நிதிக் கணக்கைக் கேளுங்கள். கிடைக்கும் பதிலையும், கிடைக்காத பதிலையும் ஊரறிய வெளியிடுங்கள்.

அம்பேத்கர் 1947இல் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" நூலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். விவசாய நிலமும் அடிப்படைத் தொழில்களும் அரசிடம் இருக்க வேண்டும், பொருளாதார அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையே அரசியல் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். அடுத்த ஆட்சிக்காரரின் இரக்கத்தை நம்பி நம்மை விட்டுப்போக அவர் விரும்பவில்லை. ஒரு டிரில்லியன் வரும் வரை பொறுங்கள் என்பவரிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: கணக்கை இன்றே திறந்து வையுங்கள். எங்கள் பங்கை நாங்களே எண்ணிக்கொள்கிறோம்.

ஜெய் பீம்.